ஒரு நட்சத்திர வீரரைக் கொடுத்துவிட்டு நாலைந்து பேரையும் டிராஃப்ட் பிக்குகளையும் (புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள்) வாங்குவது என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணிக்கு லாபமா?

பெரும்பாலும் நஷ்டம்தான். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு நேரத்தில் களத்தில் ஆறு பேர்தான். அதில் ஒருவர் அசாத்திய ஆட்டக்காரர் என்றால், அந்த ஒரு இடத்தை நாலு சுமாரான ஆட்கள் சேர்ந்து நிரப்ப முடியாது. ஆனால் நேர்மாறாக முடிந்த ஒரு டிரேடை (வீரர் பரிமாற்றத்தை) ரசிகர்கள் இன்றும் விடுவதில்லை: எரிக் லிண்ட்ராஸ்.

1991 டிராஃப்டில் கியூபெக் நோர்டிக்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. அவரோ அங்கே ஆடவே மாட்டேன் என்று ஒரு சீசன் முழுக்க அடம்பிடித்தார். 1992-இல் ஃபிலடெல்பியா, நியூயார்க் ரேஞ்சர்ஸ் இரண்டோடும் கியூபெக் பேசி முடித்துவிட்டது (ஆமாம், ஒரே ஆளுக்கு இரண்டு பேரம்!). விசாரித்த மத்தியஸ்தர் ஃபிலடெல்பியாவுக்குத் தீர்ப்பளித்தார். கியூபெக்குக்குக் கிடைத்தது பின்னாளில் பெரிய நட்சத்திரமான பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், மைக் ரிச்சி உள்ளிட்ட வீரர்கள், முதல் சுற்று பிக்குகள் இரண்டு, அப்புறம் ஒன்றரைக் கோடி டாலர்.

அந்த பிக்குகளில் ஒன்றை வைத்து 1993-இல் எடுத்த கோல்கீப்பர் ஜோஸ்லின் திபோவையும் வேறு இருவரையும் 1995 டிசம்பரில் மான்ட்ரியாலுக்குக் கொடுத்துத்தான் புகழ்பெற்ற கோல்கீப்பர் பேட்ரிக் ருவாவை வாங்கினார்கள். அதற்குள் கியூபெக்கிலிருந்து டென்வருக்குப் போய்விட்டிருந்த அந்த அணி, 1996-இல் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. லிண்ட்ராஸுக்கு 1995-இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருது கிடைத்தது. கோப்பை மட்டும் கடைசிவரை இல்லை.

என்னைக் கேட்டால், இங்கே ஜெயித்தது எண்ணிக்கை அல்ல, ஃபோர்ஸ்பெர்க். அவர் மட்டும் வராமல் மற்றதெல்லாம் வந்திருந்தால், இந்த டிரேடை யாரும் உதாரணம் காட்டமாட்டார்கள்.