வீட்டுக்குக் களவு அலாரம்: கேள்வி பதில்

பெட்டி (சென்சர்களின் வயர் எல்லாம் வந்து சேர்ந்து அலாரத்தை இயக்குவது), சென்சர், கண்காணிப்புச் சேவை பற்றிக் கேளுங்க. ஒவ்வொருவரும் ஊர்ப் பெயரைப் போடுங்க. கடலோர வீட்டுக்கும் வயலோர வீட்டுக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

கல்லடி: ஹோலில் இருக்கிற பிஐஆர் சென்சர் ஆளில்லாத நேரத்திலும் இரவில் அடிக்குது. பழுதா?

சென்சரைக் கழற்ற முன்னம் பல்லியைப் பாருங்க. பிஐஆர் தன் முன்னால் சூடு மாறி நகர்வதைத்தான் உணருது. லென்ஸுக்கு மேலேயே பல்லி ஓடினால், கிட்ட இருப்பதால் பெரிய உருவம் நகர்ந்த மாதிரி ஆகிவிடும். சுவர் லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். ஆகவே லைட்டுக்குப் பக்கத்தில் சென்சர் வேண்டாம். வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோன் வைத்து அடையுங்க. அதுவழியாத்தான் எறும்பு உள்ளே போய்க் கூடு வைக்கும். உயரம் 2.2 மீற்றர் அளவில், மூலையில். வெயில் விழும் ஜன்னலை நேரே பார்க்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கு. கோடையில் பின்னேரம் அறைச் சுவர் 34, 35 பாகைக்கு ஏறும்போது மனித உடம்பின் மேற்பரப்புக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்துபோகும். அந்த நேரம் ஆள் நடந்தாலும் சென்சர் பிடிக்காமல் விடலாம். பொருத்துகிறவர் காலையில் நடந்து காட்டிவிட்டுப் போவார். நீங்க பகல் இரண்டரை மணிக்கு ஒருக்கா நடந்து பாருங்க. பிடிக்கவில்லை என்றால் மைக்ரோவேவ் அலையாலும் அசைவை உணர்கிற சென்சர் போடுங்க.

கடல் காற்றுக்கு வெளிச் சைரனின் ஆணிகள் கறள் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணி கேளுங்க.

சம்மாந்துறை: வயரிங் வேலை செய்கிறேன். கதவுச் சென்சர் வயரோடு சேர்க்கிற ரெசிஸ்டரை பெட்டிக்குள்ளேயே போட்டாலும் வேலை செய்யுதே, ஏன் கதவடிக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க?

வேலை செய்யிற மாதிரித் தெரியும், அதுதான் ஆபத்து. பெட்டிக்குள் போட்டால், வழியில் யாரும் இரண்டு வயரையும் சேர்த்துவிட்டாலும் பெட்டிக்கு அதே ரெசிஸ்டர்தான் தெரியும்; கதவு பூட்டியிருக்கு என்றே நினைச்சுக்கொண்டிருக்கும். கதவுக் காந்தத்தடியில் போட்டால், வயரைச் சேர்த்ததும் பூச்சியம் ஓம் காட்டும், பெட்டி அடிக்கும். பெறுமதி பெட்டிக்குப் பெட்டி வேறு. கையேட்டில் உள்ளதையே போடுங்க, தம்பி.

களுவாஞ்சிகுடி: எது நல்ல பிராண்ட்?

பிராண்டை விட பற்றரியைக் கேளுங்க. பெட்டி, கீபேட், சிம் பகுதி, ஐந்து சென்சர் எல்லாம் சேர்ந்து 275 மில்லி அம்பியர் அளவில் இழுக்கும். 12 வோல்ட் 7 அம்பியர்-மணிப் பற்றரி கணக்குக்கு 25 மணித்தியாலம். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அதுவும் புதுசாக இருந்தால்தான். சூட்டில் 10 பாகை கூடினால் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும். ஐந்து வருசம் என்று விற்றது நம்மட ஊரில் இரண்டு மூன்று வருசத்தில் செத்துவிடும். போட்ட திகதியைப் பற்றரி மேலேயே பேனையால் எழுதுங்க. ஆறு மாதத்துக்கு ஒருக்கா மெயின் சுவிட்சை நிறுத்தி நாலு மணித்தியாலம் விட்டு அளந்து பாருங்க. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றுங்க.

காத்தான்குடி: மாதாமாதம் கண்காணிப்புக்குக் காசு ஏன்? எங்கட ஒழுங்கையில் சைரன் அடிச்சா ரெண்டு நிமிசத்தில் சனம் கூடிரும்.

வெல்லாவெளி: அது உங்கட ஒழுங்கைக்கு, காக்கா. எங்களுக்கு அடுத்த வீடே வயலுக்கு அங்கால. சைரன் யாருக்குக் கேட்கும்?

காத்தான்குடி: அப்ப காசு வாங்கிறவன் மட்டும் வாவிக்கு அங்கால, உங்கட படுவான்கரைக்கு எப்ப வந்து சேருவான்?

இதுதான் இன்றைக்கு வந்த கேள்விகளில் முக்கியமானது. அலாரம் கள்ளனைப் பிடிக்காது, யாரையாவது கூப்பிடும். வருகிறவர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்க, பெட்டியைப் பிறகு வாங்கலாம்.

வீடுகள் நெருங்கின ஊரில் சைரனும், மூன்று அயலவருக்கு அழைப்பு எடுக்கிற பெட்டியும் போதும். ஆனால் பொய்யாக மூன்று தரம் அடிச்சால் நாலாந்தரம் ஒருத்தரும் எழும்ப மாட்டாங்க. அதனால்தான் பல்லியைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

படுவான்கரைக்கு, சேவைக்காரரிடம் இதைக் கேளுங்க: வாகனமும் ஆளும் எந்த ஊரில் நிற்குது? வாகனம் இல்லை, போன் மட்டும் எடுப்போம் என்றால், அதைப் பெட்டியே சும்மா செய்யும், காசு கொடுக்காதீங்க. மறுகா, பெட்டி உயிரோடு இருக்கா என்று எத்தனை நிமிசத்துக்கு ஒருக்கா பார்க்கிறாங்க? நாளுக்கு ஒரு சோதனைச் செய்தி மட்டும் என்றால், இரவு எட்டு மணிக்குத் தொடர்பை அறுத்தது அடுத்த நாள்வரை யாருக்கும் தெரியாது. சில நிமிசத்துக்கு ஒருக்கா பார்க்கிற சேவைக்குத்தான் பெறுமதி. இணையமும் சிம்மும் இரண்டு வழியும் இருக்கட்டும். ரவுட்டருக்குத் தனிப் பற்றரி இல்லாவிட்டால் கரண்ட் போனதும் முதல் வழி போயிற்று.

மருதமுனை: பொலிஸின் 119க்கு நேரே அழைப்புப் போகிற மாதிரி வைக்கலாமா?

வேண்டாம். வீட்டைப் பார்த்து உறுதி செய்த ஆள் எடுக்க வேண்டிய இலக்கம் அது.

தோஹா: ஊர் வீடு பூட்டிக் கிடக்குது. செய்தி என் போனுக்கு வந்தால் போதாதா?

ஊரில் இரவு இரண்டு மணி என்றால் உங்களுக்குப் பதினொன்றரை. செய்தியைப் பார்த்துவிட்டு அங்கிருந்து என்ன செய்வீங்க? ஊரில் சாவி வைத்திருக்கிற இரண்டு பேரின் இலக்கத்தை உங்கட இலக்கத்துக்கு முன்னால் போடுங்க. பெட்டிச் சிம்முக்குப் பணம் போடுவதை மறக்க வேண்டாம். காலாவதியான சிம்மால் ஊமையாகிப்போன பெட்டிகள் நிறைய. பற்றரித் திகதியையும் அவங்களைப் பார்க்கச் சொல்லுங்க.

ஏறாவூர்: எந்த பிராண்ட் நல்லது, அண்ணன்?

மேலே களுவாஞ்சிகுடிக்குச் சொன்னதை வாசிங்க.

வாழைச்சேனை: மாரியில் கதவடிச் சென்சர் மாறி மாறி அடிக்குது.

மரக்கதவு ஊதி நிலை விலகுது. காந்தத்துக்கும் சுவிட்சுக்கும் இடைவெளி 5 மில்லிமீற்றர் அளவில் வரச் சரிசெய்யுங்க. இரும்புக் கதவென்றால் சாதாரணக் காந்தம் சரிவராது, அதற்கென்று உள்ள பெரியதை வாங்குங்க.

கல்முனை: வயரில்லாதது மலிவு. வாங்கலாமா?

433 மெகாஹேர்ட்ஸில் ஒரே குறியீட்டை எப்போதும் அனுப்புகிற மலிவுப் பொருள் வேண்டாம். அந்தக் குறியீட்டைப் பிடித்துத் திரும்ப அனுப்பி அலாரத்தை நிறுத்தலாம். ஒவ்வொரு தரமும் குறியீடு மாறுகிறதையும், சென்சர் தொலைந்தால் பெட்டிக்குத் தெரிகிறதையும் பார்த்து வாங்குங்க. சென்சருக்குள்ளும் பற்றரி உண்டு, அதிலும் திகதி எழுதுங்க.

காரைதீவு: எது நல்ல கம்பனி?

மூன்றாம் தரம் கேட்கிறீங்க. மேலே இருக்கு.

அக்கரைப்பற்று: இருக்கிற பெட்டியை வைத்துக்கொண்டு சேவைக்காரரை மட்டும் மாற்றலாமா?

பொருத்துநர் கடவைக்குறி (பெட்டியின் அமைப்பை மாற்றுவதற்கான இரகசிய இலக்கம்) உங்க கையில் இருந்தால் மாற்றலாம். பல இடத்தில் அதைப் பூட்டிவிட்டுப் போயிடுவாங்க. பிறகு பெட்டியையே மாற்ற வேண்டி வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னம் அந்தக் குறியை எழுதி வாங்குங்க.