சூரியன் இருக்கும் இடத்தில் கருந்துளை வந்தால்?

கே: வீட்டில் தமிழ், மகள் படிப்பது மலையாளத்தில். கருந்துளைக்கு அங்கே 'தமோகர்த்தம்' என்று பெயராம். சூரியன் அப்படி ஆகிவிட்டால் பூமியை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்கிறாள், அதெல்லாம் இழுக்காது என்கிறார் என் அண்ணன். நட்சத்திரத்தின் ஈர்ப்பும் கருந்துளையின் ஈர்ப்பும் வேறு வேறா?
வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

ப: அண்ணன் பக்கம்தான் தீர்ப்பு. மகளையும் குறை சொல்ல முடியாது, எல்லாம் அந்தப் பெயர் பண்ணுகிற வேலை. கர்த்தம் என்றால் குழி, நம்முடைய துளையும் ஓட்டைதான், கேட்டவுடன் மழைத்தண்ணீர் கிணற்றுக்குள் வழிகிற மாதிரி சுற்றியிருப்பதெல்லாம் போய் விழும் என்று தோன்றிவிடுகிறது.

தள்ளி நிற்பவருக்கு எடையும் தூரமும்தான் கணக்கு. அந்த எடை பெரிய உருண்டையா, சின்ன உருண்டையா என்பது கணக்கிலேயே வராது. சூரியனை நசுக்கிக் கருந்துளையாக்கினால் குறுக்களவு ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான், சைக்கிளில் அரை மணி நேரம். ஆனாலும் 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூமி அதே பாதையில், அதே 365 நாளில் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் இருட்டில் உறைந்துபோவோம், அது வேறு விஷயம். (நிஜத்தில் சூரியனின் எடை கருந்துளையாவதற்குப் போதாது, பயப்பட வேண்டாம்.)

கற்பனைதானே என்று மகள் கேட்டால், 2022-ல் கண்டுபிடித்த கையா பிஎச்1 என்ற கருந்துளையைச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 1,560 ஒளியாண்டுக்கு அப்பால், சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம், சூரியனைவிடப் பத்து மடங்கு போல எடையுள்ள அந்தக் கருந்துளையை 186 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. விழவில்லை.

சரி, அப்புறம் வித்தியாசம் எங்கே? கிட்டே போவதில். சூரியனின் ஆரம் ஏறக்குறைய 7 லட்சம் கிலோமீட்டர், அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியில் இருப்பதைப் போல 28 மடங்கு. அதற்கும் கிட்டே போக வேண்டுமானால் சூரியனுக்குள்ளேயே இறங்க வேண்டும், அப்போது எடையில் ஒரு பங்கு தலைக்கு மேலே போய்விடும், மேலே போனது நம்மைக் கீழே இழுக்காது, நட்டநடுவில் ஈர்ப்பு பூஜ்யம். சூரியனின் எடையே உள்ள கருந்துளையில் அந்தச் சலுகை இல்லை. எவ்வளவு நெருங்கினாலும் மொத்த எடையும் இன்னும் முன்னால்தான் இருக்கும். நடுவிலிருந்து 70,000 கிலோமீட்டரில் ஈர்ப்பு பூமியைப் போல 2,800 மடங்கு, 7,000-ல் 2,80,000 மடங்கு, 3 கிலோமீட்டருக்கு வந்துவிட்டால் ஒளியே திரும்பாது.

இன்னொன்றும் உண்டு, இது நியூட்டன் கணக்கில் வராது, ஐன்ஸ்டைன் கணக்கில்தான் வரும். சுழலாத அந்தக் கருந்துளையைச் சுற்றி 9 கிலோமீட்டருக்குள் நிலையான சுற்றுப்பாதையே கிடையாது. ராக்கெட் இருந்தால் தப்பலாம், சும்மா சுற்றிக்கொண்டிருக்க முடியாது, லேசாகத் தட்டினால் உள்ளேதான். அந்த 9 கிலோமீட்டருக்கு மட்டும் மகளுக்கு மார்க் போட்டுவிடுங்கள்.