அப்பாவுக்கு வேலை போனதும் மகன் பேச்சைக் குறைத்துவிட்டான்: என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் என் கணவர் கட்டிங் மாஸ்டராக இருந்தார். அமெரிக்க ஆர்டர் குறைந்ததும் அவர் வேலை பார்த்த யூனிட்டை மூடிவிட்டார்கள். இப்போது கிடைக்கிற இடத்தில் ஷிப்ட்டுக்குப் போகிறார்; வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார். நான் செக்கிங் வேலைக்குப் போகிறேன். மெட்ரிக் பள்ளியில் படித்த பிள்ளைகள் இருவரையும் அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் யாருடனும் பேசுவதில்லை. காங்கேயத்தில் இருக்கும் அம்மிச்சியிடம் (என் அம்மாவிடம்) மட்டும் போனில் பேசுகிறான். “நீ அறிவாளிப் பிள்ளை, நீ எங்களுக்குத் தங்கம்” என்று எத்தனை முறை சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தன் சைக்கிளை விற்றுவிடலாம் என்கிறான். போன வாரம், “நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவாவது மிச்சம்” என்றான். எட்டு வயது மகள் மறுபடியும் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறாள். இவர்களுக்கு எப்படித் தெம்பு கொடுப்பது?

பதில்: உங்கள் மகன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கோபத்தில் வந்த பேச்சாகவும் இருக்கலாம், உள்ளே வேறு எண்ணம் இருந்தும் வந்திருக்கலாம். ஊகிக்காதீர்கள், கேளுங்கள். தங்கை அருகில் இல்லாத நேரத்தில், “அன்றைக்கு நீ இல்லாவிட்டால் என்று சொன்னாயே, செத்துப்போக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா?” என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் பெற்றோர் பலருக்கும் உண்டு. அப்படி வருவதில்லை, கேட்ட பிறகு பிள்ளைகளுக்கு மூச்சு இலேசாகிறது. ஆமாம் என்றாலோ பதில் சொல்லாமல் அழுதாலோ அவனைத் தனியாக விடாதீர்கள். ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான 1098-ம் உண்டு. அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அப்படியொன்றும் இல்லை என்றால், அந்த வாக்கியத்துக்கு வேறொரு பொருள்தான் இருக்கிறது. வீட்டுக் கணக்கில் தான் ஒரு செலவு என்று அவன் நினைக்கிறான். உங்கள் பாராட்டு அவனிடம் எடுபடாததற்கும் அதுவே காரணம். செலவாகத் தன்னை நினைக்கும் பிள்ளையிடம் “நீ தங்கம்” என்றால், சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்துவிடும். பன்னிரண்டு வயதில் இதை மோப்பம் பிடிக்கும் மூக்கு மிகக் கூர்மையாக இருக்கும்.

“அறிவாளி” என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஏறக்குறைய இதே வயதுப் பிள்ளைகளிடம் சோதனைகள் நடத்தினார்கள். சில புதிர்களைச் சரியாகப் போட்டவர்களில் சிலரிடம் “நீ புத்திசாலி” என்றும், சிலரிடம் “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்றும் சொன்னார்கள். அடுத்து மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். அதன்பின் பழையபடி எளிய புதிர்களையே கொடுத்தபோதும், புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள்; முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணை எழுதித் தரச் சொன்னபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். புதுப் பள்ளியில், புது ஆசிரியர்களிடம் தடுமாறிக்கொண்டிருக்கும் பையனுக்கு அறிவாளிப் பட்டம் ஒரு சுமை. “நீ படித்துத்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும்” என்று உறவினர் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், அதையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அது ஊக்கமே இல்லை, கடன் பத்திரம்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை அவனிடம் யாராவது உட்காரவைத்துச் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. “குழந்தைக்கு ஒன்றும் தெரியாது” என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் பெரியவர்களின் வசதிக்காக. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட பாதிப் பேச்சை வைத்து மீதியைப் பிள்ளை தானே கட்டிக்கொள்கிறது. அந்தக் கதையில் குற்றவாளி அநேகமாக அதுவாகவே இருக்கும்.

இவ்வளவு சொன்னால் போதும்: “அப்பாவின் கம்பெனிக்கு ஆர்டர் வரவில்லை, கண்ணு. அமெரிக்காவில் நம் ஊர்த் துணிக்கு வரியைக் கூட்டினார்கள், அதனால் வாங்குபவர்கள் குறைந்தார்கள். அப்பா தப்பு எதுவும் செய்யவில்லை. உன் படிப்புச் செலவும் இதற்குக் காரணம் இல்லை. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி இருக்கிறது. பள்ளிக் கட்டணம்தான் கட்ட முடியவில்லை.” 2025 ஆகஸ்டில் அந்த வரி 50 சதவீதத்தைத் தொட்டது என்பதைக்கூட ஏழாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்வான். காரணம் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிவதே அவனுக்கு ஓர் ஆறுதல். யாரிடம் எவ்வளவு கடன், எந்த உறவினர் முகத்தைச் சுளித்தார் என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாம். “அடுத்த வருடம் பழைய பள்ளியிலேயே சேர்த்துவிடுகிறோம்” என்று உறுதியில்லாத வாக்கும் கொடுக்காதீர்கள்.

அதன்பின் அவனுக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். நான் இந்தப் பதிலில் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வறுமை, வீட்டுச் சண்டை எனப் பல இடர்களில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டவற்றில் இரண்டு உங்களுக்கு உதவும். ஒன்று, அவர்களை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காங்கேயத்து அம்மிச்சியோடு பேசுகிறான் அல்லவா? அந்த போன் பேச்சை எதற்காகவும் குறைக்காதீர்கள், என்ன பேசினான் என்று அவரிடம் துருவிக் கேட்கவும் செய்யாதீர்கள். மற்றொன்று, அந்தப் பிள்ளைகளின் உதவி வீட்டுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது.

உண்மையாகவே என்பது முக்கியம். அவன் செய்யாவிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று நின்றுபோக வேண்டும். அப்படிப்பட்ட வேலையாக இருக்கட்டும். உழவர் சந்தைக்கு 200 ரூபாயோடு அனுப்பி, என்ன காய் வாங்குவது என்பதை அவனே முடிவு செய்ய விடுங்கள். முற்றிய முருங்கைக்காய் வாங்கி வந்தால் அதையே சமையுங்கள், பாடம் எடுக்காதீர்கள். அல்லது மின்கணக்கை ஒப்படைக்கலாம்: வாரா வாரம் மீட்டரைப் பார்த்து எழுதி, இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் போகும் என்று சொல்வது அவன் வேலை. யூனிட் கூடக் கூடக் கட்டணத்தின் படியும் மாறுகிறது என்பதால் இது விளையாட்டுக் கணக்கு இல்லை. செய்து முடித்ததும் “சபாஷ்” வேண்டாம். “நீ சொன்னதால்தான் இந்த முறை கரண்ட் பில்லுக்குத் தனியாக எடுத்து வைத்தேன்” என்று நடந்ததைச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள அதில் இடமில்லை.

ஆனால் பொறுப்பு வேறு, தியாகம் வேறு. சைக்கிளை விற்க விடாதீர்கள். “நீ நினைத்ததே பெரிது, ஆனால் இது பெரியவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு” என்று சொல்லிவிடுங்கள். வருகிற தொகை ஒரு மாதத்துக்கும் காணாது. சைக்கிள் போனால் பழைய நண்பர்களைப் பார்க்கும் வழியும் போய்விடும். அதேபோல், விடுமுறையில் கம்பெனிக்குக் கைமடிக்க (துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்கு) போகிறேன் என்றாலும் அனுமதிக்கக் கூடாது. பதினான்கு வயதுக்குள் அது சட்ட விரோதம். உங்கள் அழுகையைக் கேட்கும் துணையாகவும் அவனை ஆக்கிவிடாதீர்கள். அதற்கு உங்களுக்கு ஒரு அக்காவோ தோழியோ வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. 1980-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயம் நொடித்ததைத் தொடர்ந்து, ராண்ட் காங்கரும் உடன் பணியாற்றியவர்களும் அங்கிருந்த குடும்பங்களை ஆராய்ந்தார்கள். பணக்கஷ்டம் பிள்ளைகளைத் தாக்குவது பெரும்பாலும் பெற்றோரின் சிடுசிடுப்பு, அவர்களுக்குள் நடக்கும் சண்டை வழியாகத்தான் என்று கண்டார்கள். வேலையில்லாத நாளில் அவர் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்கிறார், ஆனால் எரிச்சலோடு இருக்கிறார் என்றால் அதுவே சேதம். அவரிடம் அறிவுரை சொல்வதைவிட அவர் தொழிலைப் பேசவைப்பது நல்லது. ஒரு டீ-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி பிடிக்கும், பேட்டர்னை எப்படி மாற்றி அடுக்கினால் வேஸ்ட் குறையும் என்பது கட்டிங் மாஸ்டருக்குக் கைவந்த கணக்கு. பழைய செய்தித்தாளில் மகனுக்கு அதை வெட்டிக் காட்டட்டும். மகன் அப்பாவைத் திறமைசாலியாகப் பார்ப்பது இருவருக்குமே இப்போது தேவை.

பள்ளி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து வீட்டு நிலையைச் சொல்லுங்கள்; வகுப்பில் அவனிடமும் ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுக்கக் கேளுங்கள். அரசுப் பள்ளிக்கு மாறியதைத் தண்டனை போல வீட்டில் பேச வேண்டாம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது, தேர்வானால், வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இந்தத் தகவலை ஆசிரியர் வழியாக அவன் அறியட்டும். நீங்கள் சொன்னால் மறுபடியும் கடன் பத்திரம் ஆகிவிடும்.

மகள் விஷயம் ஒப்பீட்டளவில் எளிது. முன்பு நின்றிருந்த பழக்கம் திரும்புவது மன அழுத்தத்தில் அடிக்கடி நடப்பதுதான். ஆனாலும் முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். நோய்த்தொற்று, மலச்சிக்கல், அரிதாக நீரிழிவு ஆகியவற்றாலும் இப்படி ஆகும். அதிகத் தாகம் எடுத்தாலோ எடை குறைந்தாலோ தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள். திட்ட வேண்டாம், அண்ணன் எதிரில் பேசவும் வேண்டாம். தூங்குவதற்கு முன் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு, மெத்தைக்கு மேல் ஒரு ரப்பர் ஷீட் விரித்து வையுங்கள்.