தடுப்பூசி அறிவியலை வகுப்பில் கற்பித்தல்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எட்டாம் வகுப்பில், பெரியம்மைத் தடுப்பூசியின் முன்னோடியான ஆங்கிலேய மருத்துவர் ஜென்னரின் கதையோடு பாடத்தைத் தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், கதையோடு நிறுத்திவிடாதீர்கள். 1796இல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மாட்டம்மைச் சீழையும், சில வாரங்கள் கழித்துப் பெரியம்மைச் சீழையும் செலுத்திய ஜென்னர், அவனுக்குப் பெரியம்மை வராததைக் கண்டார். ஒரே ஒருவனை வைத்து முடிவு கட்டலாமா, இன்று இதற்கு அனுமதி கிடைக்குமா என்று மாணவர்களிடம் கேளுங்கள். அடுத்து, அமெரிக்காவில் 1954இல் நடந்த போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு வாருங்கள். அதன் ஒரு பகுதியில், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று ஊசி என்பது குழந்தைகளுக்கும் தெரியாது, அவர்களைக் கண்காணித்த மருத்துவர்களுக்கும் தெரியாது. ஏன் மறைத்தார்கள் என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

கேள்வி: "நோயுற்றவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டவர்கள்தானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன சொல்வது?

பதில்: நல்ல கேள்வி, கரும்பலகையில் கணக்காகவே போட்டுவிடுங்கள். ஆயிரம் பேரில் 950 பேர் ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஊசி நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் காக்கிறது, கிருமி எல்லோரையும் எட்டுகிறது, ஊசி போடாத 50 பேரும் நோயுறுகிறார்கள் என்று கொள்வோம். ஊசி போட்டவர்களில் 95 பேர் நோயுறுவார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 95தான் பெரிது. ஆனால் அது 950இல் 95, மற்றது 50இல் 50. விகிதத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம், கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட மேலானது என்பது என் கருத்து.

கேள்வி: எம்ஆர்என்ஏ தடுப்பூசி நம் மரபணுவை மாற்றுமா?

பதில்: மாற்றாது. எம்ஆர்என்ஏ என்பது புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறு; மரபணு இருக்கும், செல்லின் உட்கருவுக்குள் அது செல்வதில்லை. அந்தக் குறிப்பை உட்கருவுக்கு வெளியே கொடுத்துவிட்டுச் சிதைந்துவிடுகிறது.

கேள்வி: பெற்றோர் தடுப்பூசியை எதிர்க்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால்?

பதில்: அந்தப் பிள்ளையைப் பெற்றோருக்கு எதிரே நிறுத்தாதீர்கள்; யார் வீட்டில் ஊசி போட்டார்கள் என்று கைதூக்கவும் சொல்லாதீர்கள். காய்ச்சலும் கைவலியும் வரக்கூடும், கடும் ஒவ்வாமை மிக அரிதாக நேரும், ஊசி போட்டபின் சிறிது நேரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான் என்பதை மறைக்காமல் கூறுங்கள். பக்க விளைவே இல்லை என்று சொல்லும் ஆசிரியரை, காய்ச்சலில் படுத்தெழுந்த மாணவர் அடுத்த பாடத்தில் நம்பமாட்டார்.