எஞ்சின் சூடாகிறதா? தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்: கேள்வி பதில்

படகு எஞ்சின் சூடாவது, குளிர்விக்கும் தண்ணீர் சரியாக வராதது, இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். "எஞ்சின் ஹீட் ஆகிறது, என்ன செய்ய?" என்று ஒரே வரியில் கேட்டவர்களே அதிகம். அப்படிக் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல முடியும். அவுட்போர்டா (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது), இன்போர்டா (படகுக்குள் பொருத்தியது)? கடல்நீரே எஞ்சினுக்குள் ஓடுகிறதா, அல்லது உள்ளே கூலண்டும் (எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குளிர்விக்கும் திரவம்) வெளியே கடல்நீரும் தனித்தனியா? சூடு ஏறுவது மெதுவாகப் போகும்போதா, வேகமெடுத்த பிறகா? இவற்றைச் சொன்னவர்களுக்கு விவரமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (இன்போர்ட் டீசல் வைத்திருப்பவர்): கூலண்ட், அதன் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் உள்ள எஞ்சின். மெதுவாக ஓட்டினால் மணிக்கணக்கில் பிரச்சினை இல்லை. 2000 ஆர்பிஎம் தாண்டினால் பத்து நிமிடத்தில் சூடு காட்டும் முள் ஏறுகிறது. இம்பெல்லர் (கடல்நீர்ப் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறக்கைச் சக்கரம்) புதிது. எக்ஸாஸ்டில் (புகை வெளியேறும் குழாயில்) தண்ணீர் கொஞ்சம் குறைவாக வருவதுபோல் தெரிகிறது.

பதில்: இப்படிக் கேட்டால் பதில் சொல்லவே ஆசையாக இருக்கிறது. மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். வேகமெடுத்தால் பம்ப் நிறையக் கேட்கும், வழி கொடுக்காது. ஆகவே எங்கோ பாதி அடைப்பு. கடலிலிருந்து எக்ஸாஸ்ட் வரை தண்ணீர் போகும் வழியிலேயே நீங்களும் போங்கள். நடுவில் எதையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முதலில் கடல் வால்வு. அதை மூடி, ஹோஸைக் கழற்றி, படகு தண்ணீரில் இருக்கும்போதே ஒரு கணம் திறந்து பாருங்கள். குழாயின் முழு விட்டத்துக்கும் தண்ணீர் பீறிட்டு வர வேண்டும். நூல்போல வந்தால் வெளி வாயில் கொட்டலசோ, பிளாஸ்டிக் பையோ, பாசியோ அடைத்திருக்கிறது. கையில் ஒரு மரக்கட்டை அடைப்பானை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பழைய வால்வு திறந்த பிறகு மூட மறுப்பதும் உண்டு.

அடுத்து வடிகட்டி. கூடையைக் கழுவுவதோடு நிறுத்தாமல் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். இந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சும் பக்கம். ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வடியாது, காற்று உள்ளே போகும். ஒரு சொட்டுகூடக் கசியாமல் எஞ்சின் சூடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூடி கண்ணாடி என்றால் எஞ்சின் ஓடும்போது உள்ளே குமிழிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் உறிஞ்சும் ஹோஸ். வெளியே புதிதுபோல இருக்கும், உள்ளே ஒரு அடுக்கு பிய்ந்து நாக்குபோல் தொங்கும். மெதுவாக ஓடும்போது தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், வேகமெடுத்தால் நாக்கு வழியை மூடிவிடும். உங்கள் அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது. வேகம் கூட்டும்போது ஹோஸைப் பக்கத்திலிருந்து பாருங்கள். சப்பையானால் குற்றவாளி கிடைத்துவிட்டான். கம்பிச் சுருள் பதித்த ஹோஸாக மாற்றுங்கள்.

பம்பில் இம்பெல்லர் புதிது என்கிறீர்கள், சரி. அது உரசும் மூடித் தகடு? அதில் நகத்தில் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது இம்பெல்லரும் பழையது மாதிரிதான் வேலை செய்யும். பல பம்புகளில் தகட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கத்தைப் பயன்படுத்தலாம்.

இதுவரை எல்லாம் சரியென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் இரண்டு ஓர மூடிகளையும் திறந்து குழாய்களுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சுண்ணாம்புப் படிவு, உடைந்த துத்தநாக அனோடு (மற்ற உலோகம் அரிக்காமல் தானே கரையும் துண்டு), ரப்பர் துண்டு, எது வேண்டுமானாலும் இருக்கலாம். கடைசியில் எக்ஸாஸ்ட் எல்போ. சூடான புகையும் கடல்நீரும் கலக்கும் இடம் அது. கரியும் உப்பும் சேர்ந்து கல்லாகிவிடும். பழைய எல்போவை வெட்டிப் பார்த்தால் விரல் நுழையாத ஓட்டைதான் மிச்சம் இருக்கும்.

சுருக்கு வழி வேண்டுமானால் வாளி. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை ஹோஸைக் கழற்றி, மெதுவான ஓட்டத்தில் 15 விநாடி வாளியில் பிடித்து அளவை ஒப்பிடுங்கள். முன்னால் நிறைய, பின்னால் குறைவு என்றால் அடைப்பு நடுவில்தான். 15 விநாடிக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் ஹோஸுக்குள் தண்ணீர் போகாது, ரப்பர் கருகும்.

கேள்வி (அவுட்போர்ட், புதிதாக வாங்கியவர்): பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெல்லிசாகிவிட்டது. இம்பெல்லர் போய்விட்டதா?

பதில்: போயிருக்கலாம். ஆனால் இம்பெல்லரைப் பார்க்கக் கியர் கேஸை (எஞ்சினின் அடிப்பகுதியை) இறக்குவதற்கு முன், அந்தத் துளைக்குள் தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குடையுங்கள். மணலோ உப்புக் கட்டியோ பூச்சிக் கூடோ வெளியே வந்து விழும். பாதிப் பேருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, அந்தப் பீய்ச்சல் ஒரு கிளை ஓடை மட்டும். அது நன்றாக வருவதாலேயே எஞ்சின் தலைப்பகுதி முழுக்கத் தண்ணீர் சுற்றுகிறது என்று அர்த்தமில்லை. பீய்ச்சல் பலமாக இருந்தும் அலாரம் அடித்தால் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வை) பாருங்கள்.

கேள்வி: பம்பைத் திறந்தபோது இம்பெல்லரில் இரண்டு இறக்கை காணவில்லை. புதிது போட்டாயிற்று. மறுநாளே மறுபடியும் சூடு.

பதில்: காணாமல் போன இரண்டு இறக்கையும் எங்கே, தம்பி? அவை கரைந்து போகவில்லை. தண்ணீரோடு முன்னால் போய் ஹோஸ் வளைவிலோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலோ உட்கார்ந்திருக்கின்றன. துண்டுகளை எடுத்து மேசையில் வைத்து, ஜிக்சா புதிர்போல அடுக்கி, முழு இம்பெல்லர் ஆகிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் வேலை முடியவில்லை. இதை இன்று நான் இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன் என்று தெரிகிறது.

கேள்வி: இம்பெல்லரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பதில்: கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் வருடம் ஒருமுறை. ஓட்டாமல் நிறுத்தி வைத்த படகு என்றால் இன்னும் கவனம் தேவை. வளைந்த இறக்கைகள் அப்படியே இறுகிப்போயிருக்கும்.

கேள்வி: மாட்டும்போது கிரீஸ் தடவலாமா?

பதில்: பெட்ரோலியக் கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். கிளிசரின் அல்லது சோப்புத் தண்ணீர் போதும்.

கேள்வி: இம்பெல்லர் உடையவே இல்லை, இறக்கை எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் மட்டும் வரவில்லை. பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: நடுவில் உள்ள உலோகப் புஷ்ஷைப் பிடித்துக்கொண்டு ரப்பரைத் திருக்கிப் பாருங்கள். சில நேரம் ரப்பருக்கும் உலோகத்துக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போகும். தண்டு சுற்றும், ரப்பர் சும்மா நிற்கும். அது சரியாக இருந்தால் தண்டில் சாவி (புஷ்ஷைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன? தண்ணீர் தடையில்லாமல் போகுமே.

பதில்: வேண்டாம். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் எரியாத எரிபொருள் ஆயிலில் கலக்கும், கசடு சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

மறுப்பு (கடலில் பல வருடம் ஓட்டியவர்): இது புத்தகப் பேச்சு. என் படகில் கழற்றி எறிந்து பதினைந்து வருடம் ஆகிறது. ஒரு நாள் சூடானதில்லை. கடல்நீர் ஓடும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் உப்பேறி மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளும். நடுக்கடலில் அதைவிட ஆபத்து எது?

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. சிக்கிக்கொள்வது உண்மை. அவசரத்தில் கழற்றிக் கரை சேருவதை நான் தடுக்கவே மாட்டேன், நானே செய்திருக்கிறேன். கரை சேர்ந்த பிறகு புதிது போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

இடையில் இன்னொருவர்: தெர்மோஸ்டாட் இல்லையென்றால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், சூட்டை உறிஞ்ச அதற்கு நேரம் கிடைக்காது. அதனால்தான் கழற்றக் கூடாது.

பதில்: உங்கள் முடிவு சரி, காரணம் தப்பு. வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு சுற்றில் கொஞ்சம் சூட்டைத்தான் எடுக்கும், ஆனால் அதே நேரத்தில் அதிகச் சுற்று வரும். மொத்தத்தில் அதிகச் சூட்டைத்தான் கொண்டுபோகும். உண்மையான சிக்கல் வேறு. கூலண்ட் உள்ள பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. மேல் வால்வு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வழி திறக்கும்போது, அடியில் உள்ள தட்டு பைபாஸ் வழியை (ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழியை) மூடும். கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பகுதி ஆறாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்ச்சிக்காகக் கழற்றியவருக்குச் சூடு அதிகமானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மறுப்பு (முன்பு சொன்னவர்): என்னுடையது கடல்நீர் எஞ்சின். பைபாஸ் கதை எனக்குப் பொருந்தாது.

பதில்: சரி, அங்கே நீங்கள் ஜெயித்தீர்கள். உங்கள் எஞ்சின் ஏற்கனவே குளிர்ச்சியாக ஓடும்படி செய்யப்பட்டது. கடல்நீரை அதிகம் சூடாக்கினால் உள்ளே படிவு இறங்கும் என்பதால் அந்த எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரியிலேயே திறந்துவிடும். கூலண்ட் எஞ்சினில் 80 பக்கம். அந்த 60-ஐயும் நீங்கள் எடுத்துவிட்டால் எஞ்சின் கடலின் சூட்டுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலோ நான் சொன்னது உண்மை.

மறுப்பு: பார்த்தேன். மட்டம் சரி. வாடை இல்லை.

பதில்: அப்படியென்றால் நீங்கள் எப்போதும் சுமையோடு ஓட்டுகிறவர். எஞ்சின் அதில் சமாளிக்கிறது. உங்கள் எஞ்சின், உங்கள் முடிவு. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டிப் பாத்திரத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்குங்கள். அடியில் தொடக் கூடாது. அதன் மேல் பொறித்த எண்ணுக்கு அருகில் திறக்க ஆரம்பித்தால் நல்லது, இல்லையென்றால் குப்பை. இந்த விவாதம் இத்தோடு போதும்.

கேள்வி: ஓட்டிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்தால் உடனே நிறுத்துவதா, மெதுவாக ஓட விடுவதா?

பதில்: எக்ஸாஸ்டை எட்டிப் பாருங்கள். தண்ணீர் வரவில்லையா, உடனே நிறுத்துங்கள். நங்கூரம் போடுங்கள். வருகிறதா, நியூட்ரலில் மெதுவாக ஓட விட்டால் சூடு சீராக இறங்கும். எந்த நிலையிலும் எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், இரும்பில் விரிசல் விழும். கூலண்ட் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திருகிய நொடியில் மொத்தமும் கொதித்து உங்கள் முகத்துக்கு வரும்.

கேள்வி: எனக்கும் மூடி பற்றித்தான். கொஞ்சம் துணி வைத்து மெதுவாகத் திறந்தால்?

பதில்: ஆறட்டும். துணி கவசம் அல்ல.

கேள்வி: சூடு ஏறிக்கொண்டே போன முள் திடீரென்று கீழே இறங்கிவிட்டது. தானாகச் சரியாகிவிட்டதா?

பதில்: இது நல்ல செய்தி இல்லை. சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலண்ட் முழுக்க வெளியேறிவிட்டால் அது காற்றில் நிற்கும், முள் விழும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். நிறுத்துங்கள். மீட்டரை மட்டும் நம்பாமல் எக்ஸாஸ்ட் ஹோஸில் ஒரு சூடு அலாரம் பொருத்துங்கள். கடல்நீர் நின்றால் முதலில் சூடாவது அந்த இடம்தான், மீட்டருக்கு அப்புறம்தான் செய்தி போகும்.

கேள்வி: படகு தரையில். இன்போர்ட் எஞ்சினின் கடல்நீர்ப் பாதையைக் குழாய்த் தண்ணீர் அழுத்தத்தில் கழுவலாமா?

பதில்: எஞ்சின் ஓடாமல் ஒருபோதும் கூடாது. தண்ணீர் எக்ஸாஸ்டில் நிறைந்து, பின்னோக்கிச் சிலிண்டருக்குள் ஏறும். அப்புறம் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனை இணைக்கும் தண்டு) வளையும். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை நிமிடக் கணக்கில் சுற்றவிட்டாலும் இதே கதி. அப்படிச் சுற்றும்போது கடல் வால்வை மூடுங்கள், பற்றியதும் திறங்கள். மறதிக்காரர்கள் ஸ்டார்ட்டர் சாவியை வால்வின் கைப்பிடியிலேயே மாட்டி வையுங்கள். அவுட்போர்டில் தனியாகக் கழுவும் துளை இருந்தால் அது பெரும்பாலும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழுவுவதற்கு. காது போன்ற கப் மாட்டிக் கழுவினால் முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். நிறுத்தும்போது நேர் எதிர். காய்ந்து ஓடும் இம்பெல்லருக்கு ஆயுள் சில விநாடிதான்.

கேள்வி: ஹீட் எக்ஸ்சேஞ்சர் படிவை ஆசிட் ஊற்றிக் கரைக்கலாமா?

பதில்: அலுமினியம் என்றால் ஹைட்ரோகுளோரிக் பக்கமே போகாதீர்கள். சிட்ரிக் அமிலம் மெதுவாக வேலை செய்யும், ஆனால் மன்னிக்கும். அனோடை முதலில் கழற்றுங்கள்.

கேள்வி: என் படகின் ஃபிரிட்ஜும் சரியாகக் குளிரவில்லை...

பதில்: ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: இம்பெல்லர் உடைந்திருந்தது, புதிது போட்டேன், இன்னும் சூடாகிறது. ஹீட் எக்ஸ்சேஞ்சரையே மாற்றிவிடலாமா?

பதில்: துண்டுகள்?

கேள்வி: எந்தத் துண்டுகள்?

பதில்: மேலே மூன்றாவது கேள்வியைப் படித்துவிட்டு, ஹோஸைக் கழற்றுங்கள்.