பூசையில் குருவானவர் ஜரிகை அங்கி போடத்தான் வேண்டுமா?

கத்தோலிக்கத் திருச்சபையை வைத்துச் சொல்கிறேன். உடை வேண்டும், ஆடம்பரம் வேண்டாம் என்பதே என் கட்சி.

வெள்ளை அங்கிக்கு மேல் குருவானவர் போடும் அகலமான மேலுடை, ஆதியில் ரோமாபுரியில் சாதாரண மக்கள் மழைக்கும் குளிருக்கும் போர்த்திய போர்வை அங்கிதான். ஊரில் வழக்கு மாறியது, கோயிலுக்குள் அது தங்கிவிட்டது. பட்டும் பொன்நூலும் பிறகு ஏறியவை. சில பழைய உடைகளில் முதுகுப்பக்கச் சித்திரத்தையல் அட்டைபோல விறைத்து நிற்கும். அதனால் கையைத் தூக்கிச் செபிக்க வசதியாக உடையின் தோள்பக்கத்தையே வெட்டிக் குறைத்தார்கள். அலங்காரத்துக்காக உடையே குறைந்த கதை!

உடை வேண்டும் என்பதற்குக் காரணம், அது ஆளை மறைத்துப் பணியைக் காட்டுகிறது. நிறமும் பேசும்: தவக்காலத்துக்கு ஊதா, பாஸ்கா எனும் ஈஸ்டருக்கு வெள்ளை, தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குச் சிவப்பு.

உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாடு பற்றிய ஏட்டில், வெறும் பகட்டைவிட மாண்புள்ள அழகையே நாடச் சொன்னது. திருவுடைகளுக்கும் அது பொருந்தும் என்றது. 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டபடி, இங்கே எளிய ஒற்றை அங்கியும் தோளில் ஒரு துண்டும் போதும் என்று ரோம் அனுமதித்தது. மே மாத உச்சிவெயிலில், மின்விசிறி எட்டாத பீடத்தில், உள்துணி வைத்துத் தைத்த ஜரிகை அங்கியோடு நிற்பவரைப் பார்த்தால் அந்த அனுமதியின் அருமை புரியும்.