உயரமான மலைகளில் விலங்குகளின் தசைகள் குறைந்த ஆக்சிஜனைக் கொண்டு எப்படி இயங்குகின்றன?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடை, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதை வலுவாகப் பற்றிக்கொள்கிறது என்பதோடு முடிந்துவிடுகிறது. அது உண்மையே. ஆனால் உடலியங்கியலில் நெடுநாள் ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில், இரத்தத்தை விட்டு வெளியேறிய பின் தசைக்குள் ஆக்சிஜன் கடக்கும் கடைசிச் சிறு தொலைவே கூடுதல் கவனத்துக்கு உரியது என்று கருதுகிறேன்.

வரித்தலை வாத்தை எடுத்துக்கொள்வோம். மங்கோலியாவிலும் திபெத்திலும் இனப்பெருக்கம் செய்து, இமயமலையைக் கடந்து, குளிர்காலத்தில் நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வந்து சேரும் பறவை இது. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும், அதனால் கிடைக்கும் ஆக்சிஜனும், கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகின்றன. கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட வரித்தலை வாத்துகளில் ஒன்று 7,290 மீட்டர் உயரத்தை எட்டியது. சிறகடித்துப் பறப்பது மிகுந்த ஆக்சிஜனைக் கோரும் வேலை என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

இதன் பறப்புத் தசையைத் தாழ்நில வாத்தினங்களின் தசையோடு 2009-இல் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஆக்சிஜனைப் பயன்படுத்தி உழைக்கும் வகைத் தசை இழைகள் இதில் அதிகம் என்றும், ஒவ்வோர் இழையைச் சுற்றியும் தந்துகிகள் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடர்ந்துள்ளன என்றும் கண்டனர். என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த செய்திதான்: ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களில் கூடுதல் பங்கு இழையின் நடுப்பகுதியை விட்டு, தந்துகிகளை ஒட்டிய விளிம்புக்கு இடம் மாறியிருந்தது. கிணற்றில் நீர் வற்றும்போது வீட்டையே கிணற்றடிக்கு மாற்றிக்கொள்வது போன்றது இது. இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தால் அது விரவிச் செல்லும் வேகமும் குறையும் என்பதால், கடக்க வேண்டிய தொலைவைச் சுருக்குவது நேரடியான தீர்வு. ஆராயப்பட்ட பறவைகள் கடல் மட்டத்தில் வளர்க்கப்பட்டவை. எனவே இந்த அமைப்பு மலையில் வாழ்ந்து பழகியதால் வந்ததன்று, பிறவியிலேயே அமைந்தது. மேலும், ஆக்சிஜனை இறுதியாக ஏற்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் நொதியிலும், பிற முதுகெலும்பிகளில் பெரிதும் மாறாதிருக்கும் ஓரிடத்தில், ஒரேயோர் அமினோ அமிலம் மாறியுள்ளது.

அடுத்தது எரிபொருள். குளுக்கோஸ் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொண்டு ஏறத்தாழ 32 ஏடிபி (செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) தருகிறது. பால்மிட்டிக் என்னும் கொழுப்பு அமிலமோ 23 ஆக்சிஜனுக்கு 106 ஏடிபி தருகிறது. அதாவது ஒரே அளவு ஆக்சிஜனுக்கு குளுக்கோஸ் சுமார் 15 விழுக்காடு கூடுதல் ஆற்றல் அளிக்கிறது. ஆண்டிஸ் மலைகளில் வாழும் ஃபில்லோட்டிஸ் எலிகள் ஓடும்போது, தாழ்நில உறவினங்களைவிடக் கார்போஹைட்ரேட்டையே அதிகம் எரிக்கின்றன என்று 2012-இல் காட்டப்பட்டது.

ஆயினும் இதைப் பொதுவிதியாகக் கொள்ளக் கூடாது. வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில் 4,300 மீட்டர் உயரம் வரை வாழும் பெரோமிஸ்கஸ் சுண்டெலிகள், கடுங்குளிரில் நடுங்கியே உடல் வெப்பத்தைக் காக்க வேண்டியிருப்பதால், கொழுப்பை எரிக்கும் திறனைப் பெருக்கிக்கொண்டுள்ளன. சில நிமிட ஓட்டத்துக்குத் தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்னும் கார்போஹைட்ரேட் போதும். இரவு முழுவதும் நடுங்குவதற்குப் போதாது. நெடுந்தொலைவு பறக்கும் வாத்தும், கிராமுக்கு இரு மடங்குக்கு மேல் ஆற்றல் தரும் கொழுப்பையே பெரிதும் நம்புகிறது.

மனிதரில், இமயமலை வாழ் ஷெர்ப்பா மக்களின் நிலை வேறு. எவரெஸ்ட் அடிவார முகாமில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், அவர்களின் தசை கொழுப்பு அமிலத்தை எரிக்கும் திறன் தாழ்நிலத்தவரைவிடக் குறைவாகவும், கிடைத்த ஆக்சிஜனை ஏடிபி ஆக்கும் திறம் மேலாகவும் இருந்தன. கொழுப்பு எரிப்பை நெறிப்படுத்தும் பிபிஏஆர்ஏ மரபணுவின் ஒரு வடிவம் அவர்களிடையே மிகுந்திருப்பது இதற்குப் பொருத்தமான மரபியல் சான்று.